அசையாத தூண்

புளியங்குளம் சந்தி, நெடுங்கேணி றோட்டு பிரியுமிடம். பிளேன்ரீ வந்துவிட்டது. கண்டி வீதியால் ஒரு லொறி போகிறது. கிளாசுக்குள் பாரும் தம்பி, தேத்தண்ணி மேலே வட்ட வட்டமாய் நடுங்குகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை அலுவலக வளவில் நான் பார்த்துவந்த கருங்கல் தூண் என்னத்துக்கென்று கேட்டீரல்லவா? இந்த நடுக்கத்துக்காகத்தான்.

1792இல் கிழக்கிந்தியக் கம்பனி அங்கே கட்டிய வானாய்வுக்கூடத்தின் மிச்சம் அது. அதன் தலையில் 12 அங்குல வட்டம் பொருத்திய தொலைநோக்கி இருந்தது. அப்படியான வட்டத்தின் விளிம்பில் பாகைக் கோடுகளை மயிரிழை போலக் கீறியிருப்பார்கள். அடி இம்மியளவு அசைந்தால் நட்சத்திரத்தின் கணக்கே பிழைத்துவிடும். ஆகவே இந்த வகைத் தூண்களுக்குத் தனி அத்திவாரம் போடுவார்கள், கட்டிடத்தின் நிலம் தூணைத் தொடாது. பக்கத்தில் ஆள் நடந்தாலும் அதிர்வு மேலே ஏறாது. குழாய் எவ்வளவு பெரிது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கல்தான் முதல் கருவி.

தூணில் தமிழிலும் எழுதியிருக்கிறது. ஆங்கிலேயரின் தயவால்தான் ஆசியாவில் கணித விஞ்ஞானம் ஊன்றப்பட்டது என்பது அந்தக் கல்வெட்டின் பேச்சு. அதை நான் ஏற்கமாட்டேன். அதற்கு ஏறக்குறைய 60 வருசம் முந்தியே ஜெய்சிங் மன்னர் ஜெய்ப்பூரில் 27 மீற்றர் உயரத்தில் நிழற்கடிகாரம் எழுப்பிவிட்டார். அதன் நிழல் நகருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், செக்கனுக்கு 1 மில்லிமீற்றர்.

சென்னையில் செய்த பெரிய வேலை நேரம் பார்ப்பது. வடக்குத் தெற்காக மட்டும் சாயும் தொலைநோக்கி ஒன்று. அந்தக் காலத்தில் அதன் கண்வில்லைக்குள் சிலந்தி இழை கட்டுவார்கள். நட்சத்திரம் இழையைக் கடக்கிற கணத்தை வைத்து மணிக்கூட்டைத் திருத்துவார்கள். இப்படித்தான் 1802இல் அந்தக் கூடத்தின் வானியலாளர் கோல்டிங்காம் சென்னை நேரத்தைக் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 செக்கன் முந்தியதென்று குறித்தார். பிறகு இந்திய ரயில்கள் அந்த நேரத்துக்கு ஓடின.

இனி எங்கள் கணக்கைப் பாரும். நாங்கள் இருப்பது கிழக்கு நெடுங்கோடு சுமார் 80½ பாகையில். கையிலுள்ள மணிக்கூடு 82½ பாகைக்கு உரியது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆக, இங்கே உச்சி வருவது சராசரியாக 12 மணி 8 நிமிடத்துக்கு. 1996இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னே தள்ள, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டும்போதெல்லாம் அரை மணித்தியாலம் மாற்றினோம். 2006 சித்திரையில்தான் இரண்டும் ஒன்றாயின.

நாளைக்கு வெயிலாக இருந்தால் பதினொன்றரைக்கு வாரும். மேசனிடம் தூக்குக்குண்டு வாங்கி வைக்கிறேன். அதைப் பிடித்துக் கடை முற்றத்தில் கம்பைச் செங்குத்தாக நட்டு, ஐந்து நிமிடத்துக்கொருக்கால் நிழலின் நுனியில் ஆணி குத்துவோம். எந்த ஆணி கம்புக்கு மிகக் கிட்ட நிற்கிறதோ, அந்த நிழல் விழுந்த கோடுதான் எங்கள் வடக்குத் தெற்கு.