வெளிநாட்டில் பிள்ளைக்கு ஒரு குறை என்றால் யாரிடம் முறையிடுவது?



சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாயார் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். இங்கே தறி ஓட்டிக்கொண்டிருந்த மகன், டெய்லர் வேலை என்று நம்பி வளைகுடாவுக்குப் போனான். கிடைத்ததோ மூட்டை தூக்கும் வேலை. மூன்று மாதமாகச் சம்பளமும் இல்லை. "ஏஜெண்டிடம் பணம் கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். அவரிடம் இருந்தது ஒரு விசிட்டிங் கார்டு மட்டுமே.

அரசுத் துறைகள் மீதான குறைகளைக் கேட்க, சில நாடுகளில் 'ஆம்புட்ஸ்மேன்' என்ற தனி அதிகாரி உண்டு. அப்பாஸியர் ஆட்சியில் 'மழாலிம்' மன்றம் இந்தப் பணியைச் செய்தது. வெளிநாடு செல்வோருக்கென்று அப்படி ஒரு தனி அதிகாரி நம் நாட்டில் இல்லை. ஆனாலும் முறையிட இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய 'மதத்' இணையதளம். சம்பள பாக்கி, ஒப்பந்த மீறல், சிறை, தகவல் இல்லாமை, ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவருதல் ஆகியவற்றுக்கு வீட்டார் இங்கிருந்தே மனு பதியலாம். மனு எண் கிடைக்கும். அந்நாட்டு இந்தியத் தூதரக அதிகாரி குறித்த காலத்தில் கவனிக்காவிட்டால், மனு தானாகவே மேலதிகாரிக்குப் போய்விடும்.

இரண்டாவது, சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி இயங்குவது. பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம்; ரசீது தர வேண்டும். மீறினால் பதிவை ரத்து செய்ய முடியும். பதிவே இல்லாமல் ஆள் அனுப்புவோருக்கு 2 ஆண்டுவரை சிறை உண்டு.

"போன பணம் போகட்டும், வெளியே தெரிந்தால் மானக்கேடு" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஒரு மனு ஒரு வீட்டின் துயரம். ஒரே ஏஜெண்ட் மீது பத்து மனு சேர்ந்தால் அது சாட்சியம். அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க அதுவே ஆதாரம். நாம் மறைத்தால் பக்கத்துத் தெருப் பிள்ளையும் அதே ஏஜெண்டிடம்தான் போவான்.

புறப்படும் முன் கவனியுங்கள்:

- ஏஜெண்டின் பதிவு எண்ணை 'இமைக்ரேட்' இணையதளத்தில் சரிபாருங்கள்.
- விசிட் விசாவில் வேலைக்குப் போக வேண்டாம்.
- பணத்தை வங்கி மூலமே கொடுங்கள்.
- பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும்.
- பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அதற்காக எடுக்கும் காப்பீட்டில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

அந்தத் தாயாரின் மகன் அல்ஹம்துலில்லாஹ் தூதரக உதவியால் ஊர் திரும்பினான். ஏஜெண்டிடம் கொடுத்த பணம் மட்டும் வரவில்லை. எழுத்தில் எதுவும் இல்லையே! கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. அதை விட்டதன் விலை இது.

மனு பதியத் தெரியாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் காகிதங்களோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், கட்டணமின்றிப் பதிந்து தருகிறோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்