காவிரிப் படுகைக் குளங்களின் கோடைப் பராமரிப்பு

காவிரிப் படுகைக் குளங்களின் கோடைப் பராமரிப்பு என்பது, மேட்டூர் அணை மூடப்படுவதற்கு முன் ஊர்க் குளங்களையும் வீட்டுக் கொல்லைக் குளங்களையும் நிரப்பி, நீர்வழியை அடைத்து, அடுத்த நீர்த்திறப்பு வரை காக்கும் பணிகளைக் குறிக்கும். குளம் வற்றிய பின் தூர்வாருவதும் இதில் அடங்கும். திருவாரூர் மாவட்டத்தில் வெண்ணாற்றுப் பாசனப் பகுதியிலுள்ள கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் குளிக்கவும், கால்நடைகளுக்கும், நிலத்தடி நீருக்கும் இக்குளங்கள் பயன்படுகின்றன.

நீரின் வழியும் காலமும்

1934 இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆகும். இங்கிருந்து வரும் நீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றில் பிரித்து விடப்படுகிறது. வெள்ள நீர் கொள்ளிடத்தில் செல்கிறது. வெண்ணாறு நீடாமங்கலம் அருகே மீண்டும் பிரிகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து குளம் என நீர் கடைசியாகவே குளத்தை அடைகிறது.

வழக்கப்படி அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, சனவரி 28 அன்று மூடப்படும். இடைப்பட்ட 134 நாட்களில் ஆற்றில் பாசன நீர் வராது. இப்பகுதியின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுவதால், பிப்ரவரி முதல் மே வரை குளங்கள் பெரும்பாலும் சேமித்த நீரையே நம்பியுள்ளன.

ஆவியாதல் கணக்கு

குளத்து நீர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவதாகக் கொண்டால், 134 நாட்களில் 67 சென்டிமீட்டர் குறையும். ஒரு ஏக்கர் பரப்புள்ள குளத்தில் இது ஏறத்தாழ 27 இலட்சம் லிட்டர் ஆகும். நிலத்துள் கசியும் நீரும், மக்கள் எடுக்கும் நீரும் இக்கணக்கில் சேரவில்லை. எனவே சனவரியில் இடுப்பளவு நீருடன் இருக்கும் குளம் சூனில் வறண்டிருக்கக்கூடும்.

பணிகள்

1. அடைப்புக்கு முன்: வரத்து வாய்க்காலில் உள்ள குப்பையும் வெங்காயத் தாமரையும் அகற்றப்படுகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி நீர்ப்பரப்பை மூடி, நீரில் கரைந்துள்ள ஆக்சிசனைக் குறைக்கிறது. சிறு துண்டு எஞ்சினாலும் மீண்டும் பரவும்.

2. அடைத்தல்: குளம் நிரம்பியதும் நீர் நுழையும் மடை பலகையாலும் களிமண்ணாலும் அடைக்கப்படுகிறது. ஆற்றில் நீர் குறையும்போது குளத்து நீர் அதே வழியில் திரும்பி வடிந்துவிடாமல் இது தடுக்கிறது.

3. கோடையில்: நீர் குறைந்து சூடேறும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிசன் குறையும். விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து திணறுவது இதன் அறிகுறி. கெண்டை போன்ற மீன்களை அதற்கு முன்பே பிடித்துவிடுவது நல்லது. விரால் மீன் காற்றையும் சுவாசிக்க வல்லது; ஆகவே சேற்றிலும் சில காலம் உயிர்வாழும்.

4. தூர்வாருதல்: வற்றிய குளத்தின் வண்டல் வெட்டப்பட்டு வயல்களுக்கு உரமாக இடப்படுகிறது. வண்டலுக்குக் கீழுள்ள களிமண் படிவே நீரைத் தாங்குகிறது. அதையும் தாண்டி மணல் தெரியும் வரை வெட்டினால், ஆழம் கூடினாலும் நீர் நிற்காது. கரையோரம் செங்குத்தாக வெட்டிய பள்ளங்கள் நீர் நிரம்பிய பின் வெளியே தெரிவதில்லை; அவற்றில் குழந்தைகள் மூழ்கும் இடர் உண்டு. எனவே கரையிலிருந்து சரிவாகவே வெட்ட வேண்டும்.

5. திறப்பின்போது: வாய்க்காலில் முதலில் வரும் நீர் கோடைக் குப்பையை அடித்து வரும். அதைக் கடந்துபோக விட்ட பின்னரே குளத்தின் மடையைத் திறப்பது சிறந்தது.

குளிர்நாடுகளுடன் ஒப்பீடு

கனடா போன்ற நாடுகளில் வீட்டு நீச்சல் குளங்கள் குளிர்காலத்திற்கு முன் மூடப்படுகின்றன. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால், குழாய்களும் வடிகட்டியும் உடையாதபடி அவற்றிலுள்ள நீர் வெளியேற்றப்பட்டு, குளத்தின் மேல் உறை இடப்படுகிறது. காவிரிப் படுகையில் உறைபனிக்கு மாறாக வெயிலே இடராகும். அங்கு குழாயிலுள்ள நீரை வெளியேற்றுவதும் இங்கு குளத்து நீரை வெளியேறாமல் தடுப்பதும் முதன்மைப் பணிகளாகும். இரண்டிலும் மூடும்போது விட்ட குறை, மீண்டும் திறக்கும்போதே தெரியவரும்.

சிக்கல்கள்

அணையின் நாட்காட்டி எல்லா ஆண்டுகளிலும் பொருந்துவதில்லை. 2023 இல் ஜூன் 12 அன்று திறக்கப்பட்ட அணை, இருப்பு குறைந்ததால் அக்டோபர் 10 அன்றே பாசனத்திற்கு மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்றுதான் பாசனத்திற்குத் திறக்கப்பட்டது. இத்தகைய ஆண்டுகளில், குளத்தை நிரப்பச் சனவரி வரை காத்திருப்பவர்களுக்கு ஆற்று நீர் கிடைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையைக் குளத்திற்குக் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் மழைநீரும் கிடைக்காது.

பயனாளிகளே நீர்நிலைகளைப் பராமரிக்கும் பழைய வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. இப்பெயரில் தமிழ்நாடு அரசு 2017 இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆழ்துளைக் கிணறும் குழாய் நீரும் வந்த பின் குளத்தை நாள்தோறும் பயன்படுத்துவோர் குறைந்தனர். பயன்பாடு குறைந்த இடங்களில் வரத்து வாய்க்கால்கள் முதலில் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் போகின்றன. வரத்து வாய்க்கால் இல்லாத குளத்தை எத்தனை முறை தூர்வாரினாலும், அதன் மடையில் அடைத்து வைக்க நீர் இராது.