சூதாடாத சூதாட்ட விடுதி

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிராண்ட் கேன்யனைப் பார்க்கக் காரில் கிளம்பும் தம்பதிகள் பலர், வழியில் ஓர் இரவு லாஸ் வேகஸில் தங்குவார்கள். மொஹாவி பாலைவனத்தை ஊடறுத்துப் போகும் சாலையில் சுமார் 430 கிலோமீட்டர் பயணம். புதர், பாறை, வறண்ட ஏரிப் படுகை என்று மணிக்கணக்காக ஒரே காட்சி. இருட்டிய பிறகு ஊரை நெருங்கினால், கட்டடம் ஒன்றுகூடக் கண்ணில் படும் முன்பே அடிவானம் வெளுத்துக் கிடக்கும். நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்துக்குச் சட்ட அனுமதி கொடுத்தது. அந்த அனுமதிதான் பாலைவனத்து நடுவே இந்த ஊரை இவ்வளவு பெரிதாக வளர்த்தது.

அறையில் பெட்டியை வைத்துவிட்டு, இரவு உணவை முடித்துக்கொண்டு, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளும் ‘ஸ்டிரிப்’ சாலையில் கைகோத்து நடக்கிறார்கள் அப்படியொரு தம்பதி. வந்ததுதான் வந்தோம், கொஞ்சம் ஆடித்தான் பார்ப்போமே என்று ஒரு கேசினோவுக்குள் நுழைந்து ரூலெட் மேசை அருகே நிற்கிறார்கள். அந்த மேசையில் நடப்பது கணிதத்தின் பேரதிசயங்களில் ஒன்று.

அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 பள்ளங்கள். 18 சிவப்பு, 18 கறுப்பு, எஞ்சிய இரண்டும் பச்சை: ஒன்று பூஜ்யம், மற்றது இரட்டைப் பூஜ்யம். சிவப்பின் மேல் 10 டாலர் வைக்கிறீர்கள். பந்து சிவப்பில் விழுந்தால் மேலும் 10 டாலர் கிடைக்கும். கறுப்பிலோ பச்சையிலோ விழுந்தால் வைத்தது போயிற்று. பார்வைக்கு ஏறக்குறைய சமமான ஆட்டம். விடுதியின் வருமானம் முழுவதும் அந்த இரண்டு பச்சைப் பள்ளங்களில் இருக்கிறது. வெல்ல 18 வழி, தோற்க 20 வழி. சராசரியாக, வைக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் 5 டாலர் 26 சென்ட் விடுதிக்குப் போகிறது.

நம் தம்பதி 38 முறை ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அவர்கள் இழக்க வேண்டியது 20 டாலர். ஆனால் அவர்கள் லாபத்தோடு எழுந்து போகும் வாய்ப்பு பத்துக்கு மூன்று. அதனால்தான் வேகஸுக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் வென்ற கதை ஒன்று கைவசம் இருக்கிறது. அந்தக் கதைகளில் பொய்யில்லை.

இப்போது ஆட்டங்களைக் கூட்டிப் பாருங்கள். அதே சக்கரத்தில், அதே பந்தயத்தை 1,000 முறை வைத்தால் லாபத்தில் நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். 10,000 முறை வைத்தால் அது கோடியில் ஒன்றைவிடக் குறைவு. சக்கரம் மாறவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. ஆட்டங்களின் எண்ணிக்கை மட்டும் கூடியது.

ஏன் இப்படி? ஒவ்வொரு சூதாட்டக்காரரின் பணத்தையும் இரண்டு விசைகள் இழுக்கின்றன. ஒன்று சரிவு: விடுதியின் பக்கம் மெல்ல, ஆனால் விடாமல் இழுப்பது. மற்றது தற்செயலின் ஆட்டம்: மேலும் கீழுமாகத் தூக்கிப் போடுவது. சரிவு, ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் வளரும். தற்செயலின் வீச்சோ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வளரும். 38 ஆட்டங்களில் சரிவு 2 பந்தயம். தற்செயலின் வீச்சு ஏறத்தாழ 6. ஆகவே தற்செயல் எளிதில் முந்திவிடும். 10,000 ஆட்டங்களில் சரிவு 526 பந்தயம். வீச்சு வெறும் 100. இனி எந்த அதிர்ஷ்டமும் அந்தச் சரிவை எட்டிப் பிடிக்காது.

எண்ணிக்கை பெருகப் பெருக முடிவுகளின் சராசரி ஒரே இடத்தை நோக்கி நெருங்கும் என்பதை முதன்முதலில் கணித முறைப்படி நிறுவியவர் சுவிட்சர்லாந்தின் யாகோப் பெர்னூலி. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1713-இல் வெளியான நூலில் அந்த நிரூபணம் இருக்கிறது. இன்று அதைப் பேரெண் விதி என்கிறோம். சராசரியிலிருந்து வெகுதூரம் விலகும் அரிய நிகழ்ச்சிகளின் வாய்ப்பு எத்தனை வேகமாகக் கரைந்துபோகிறது என்பது அதற்கடுத்த, இன்னும் கடினமான கேள்வி. பத்துக்கு மூன்று எப்படிக் கோடிக்கு ஒன்றானது என்ற அதே கேள்விதான். இந்தப் ‘பெரும் விலகல்கள்’ துறைக்கு ஒன்றுபட்ட கோட்பாட்டைக் கட்டியெழுப்பியதற்காக 2007-இல் ஏபெல் பரிசு பெற்றவர் எஸ். ஆர். சீனிவாச வரதன். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்தவர்.

இந்த விதியைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். “தொடர்ந்து ஆறு முறை சிவப்பு வந்துவிட்டது. இனிமேல் கறுப்புதான் வரும்” என்று அந்த மனைவி கணவனிடம் சொல்லக்கூடும். 1913 ஆகஸ்ட் 18 இரவு, மான்டி கார்லோ கேசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 முறை வந்தது. அடுத்தது சிவப்புதான் என்று நம்பி ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். சக்கரத்துக்கு நினைவு கிடையாது. போன சுற்றின் கடனை அது இந்தச் சுற்றில் அடைப்பதில்லை. பழைய விலகல்கள் புதிய ஆட்டங்களின் கூட்டத்தில் கரைந்து சிறுத்துப்போகின்றன, அவ்வளவே.

தோற்றால் இரட்டிப்பாக வைத்து மீட்டுவிடலாம் என்ற உத்தியும் உதவாது. 10 டாலரில் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் 1,270 டாலர் போயிருக்கும். எட்டாவது முறை 1,280 டாலர் வைக்க வேண்டும், வெறும் 10 டாலர் லாபத்துக்காக. அப்படித் தொடர்ந்து ஏழு தோல்வி வருவது ஏறத்தாழ தொண்ணூறில் ஒரு முறை நடக்கும். மேசையில் பந்தயத்துக்கு உச்சவரம்பும் உண்டு.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், பழைய பெயர்ப்பலகைகளின் செந்நிற ஒளியிலும் இதே கணக்கு எரிகிறது. 1898-இல் லண்டனில் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டுபிடித்த வாயு நியான்; காற்றில் லட்சத்தில் இரண்டு பங்குகூட இல்லாதது. 1910-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் கிளாட் அதைக் குழாயில் அடைத்து ஒளிரவைத்துக் காட்டினார். குழாயின் இரு முனைகளிலும் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், பாயும் எலக்ட்ரான்கள் நியான் அணுக்களில் மோதி அவற்றுக்கு ஆற்றலை ஏற்றுகின்றன. ஏறிய ஆற்றலை அணு ஒளித்துகளாக உமிழ்கிறது. எப்போது உமிழும்? குறிப்பிட்ட ஓர் அணுவைப் பற்றி அதைச் சொல்ல யாராலும் முடியாது. நம் கருவிகளின் குறையால் அல்ல. குவாண்டம் இயற்பியல் அங்கே தருவது நிகழ்தகவை மட்டுமே. ஒவ்வொரு அணுவும் ஒரு ரூலெட் சக்கரம்.

ஆனாலும் அந்தத் தற்செயலால் ஒளி துடிப்பதில்லை. நொடிக்குக் கோடி கோடி ஒளித்துகள்கள் கிளம்புகின்றன என்று மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும், அவற்றின் ஏற்ற இறக்கம் ஒரு கோடி. அதாவது மொத்தத்தில் கோடியில் ஒரு பங்கு. எந்தக் கண்ணும் அதைப் பிரித்தறியாது. விடுதியின் வருமானத்தை உறுதியாக்கும் அதே வர்க்கமூலம்தான் விளக்கின் ஒளியையும் உறுதியாக்குகிறது. ஒன்றொன்றாகப் பார்த்தால் கட்டுக்கடங்காதது, கூட்டமாகச் சேர்ந்தால் விதிக்கு உட்படுகிறது. உலகம் நமக்கு நிலையாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தம்பதிக்கு இந்தக் கணக்கு பயமூட்ட வேண்டியதில்லை. ஒரு மணி நேரக் கொண்டாட்டத்துக்கு 20 டாலர் கட்டணம் என்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்து, தீர்ந்ததும் எழுந்தால் போதும். மறுநாள் காலை அவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களைப் பெரும் இழப்பிலிருந்து காப்பது அதிர்ஷ்டமும் அல்ல, சாமர்த்தியமும் அல்ல. ஆட்டங்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதுதான். விடுதியோ ஆயிரக்கணக்கானவர்களோடு இரவு பகலாக ஆடுகிறது. அதனால் அதற்கு இது சூதாட்டமே அல்ல.

கைபேசியில் ஓடும் பணச் சூதாட்டங்கள் ஆபத்தானவை என்பதும் இங்கேதான் விளங்குகிறது. பாலைவனம் கடந்து போக வேண்டாம், மறுநாள் கிளம்பவும் வேண்டாம். படுக்கையில் கிடந்தபடியே ஒருவர் சில வாரங்களில் 10,000 ஆட்டங்களை எட்டிவிடலாம். சரிவு தற்செயலை விழுங்கும் இடத்துக்குத் தனியாளாக வந்துவிடலாம். பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் நாணயத்தையும் பகடையையும் ஓரிரு முறை வீசிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம். அவற்றையே பத்தாயிரம் முறை வீசினால் என்ன ஆகும் என்பதையும் பிள்ளைகள் தங்கள் கையால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இழந்தபின் வரும் அறிவுரையைவிட, ஆடுவதற்கு முன் போட்ட அந்த ஒரு கணக்கு அதிகம் காப்பாற்றும்.