விறகாகப் போகும் பனங்கைகள்

சென்ற மாதம் ஆய்வுப் பணியின் பொருட்டு நாம் புதுமடம் சென்றிருந்தோம். கடற்கரையை அடுத்த தெருவில் பழைய ஓட்டு வீடொன்றைப் பிரித்துக் கொண்டிருந்தனர். இறக்கிய பனங்கைகள் வேலியோரம் குவிந்து கிடந்தன. விலை என்னவென்று வினவினோம். "காளவாசல்காரர் எடை போட்டு எடுத்துக் கொள்கிறார், ஐயா" என்றார் வீட்டுக்காரர். அவர் நம் சங்கத்து அங்கத்தினரே.

ஒன்றைப் புரட்டிப் பார்த்தோம். ஏனைய மரங்களுக்கு நடுவில் வைரம். பனைக்கோ புறத்தே வைரம், உள்ளே சோறு. முற்றிய பனையின் புறப்பகுதி கருத்து, நார்வரியோடி, இழைத்தால் மெருகேறும். புதிதாகப் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென 2021ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஆகவே பழைய பனங்கை எளிதில் கிடைக்கும் சரக்கன்று.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவை அங்கத்தினர் பலர் அறிவர். நகரத்தார் பர்மாத் தேக்கால் எடுப்பித்த வீடுகளைப் பிரிக்கையில் கிடைக்கும் தூண்களும் கதவுகளும் அங்கே கடைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பழைய கதவு மேசையாகிறது. வீடுகளையும் விடுதிகளையும் அலங்கரித்துத் தரும் நிபுணர்கள் அவற்றைத் தேடி வருகின்றனர். பனங்கை தேக்காகிவிடாது என்பது மெய்யே. ஆயினும் அங்கே சரக்கைத் தரம் பிரிக்கின்றனர். இங்கே எடை போடுகின்றோம்.

பனங்கையில் அகன்ற பலகை கிடைக்காது. நாற்காலிக் கால், கட்டிற் சட்டம், பெஞ்சுக்கான பட்டை ஆகியவற்றிற்கே அது ஏற்றது. ஆணிகளை முற்றும் பிடுங்காவிடில் வாள் கெடும். துளையிடாமல் திருகாணி ஏற்றினால் பிளக்கும். சிராய் பொல்லாதது, விளிம்புகளை மழுக்கி எண்ணெய் பூசல் வேண்டும். சட்டத்திற்குப் பரமக்குடி நெசவாளர் தறியில் எஞ்சும் பாவு நூலைக் கொண்டு நாடா பின்னலாம். ஆனால் எஞ்சிய நூலில் ஒரே நிறம் மறுமுறை அமைவது அரிது. இதனை வாங்குவோரிடம் முன்னரே சொல்லிவிடுதல் நேர்மை, இலாபமுங்கூட.

நாம் அறிந்த ஒரு சங்கம் வாய்ச்சொல்லை நம்பி இருபது நாற்காலிகள் செய்தது. இருக்கை இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டதென்று கேட்டவர் மறுத்துவிட்டார். அளவுத்தாளில் கையொப்பமில்லை, முன்பணமும் வாங்கவில்லை. தச்சர் கூலி சங்கத்தின் தலையில் விழுந்தது. அளவிட்டுச் செய்யும் பொருள் பிறருக்கு விலைபோதல் கடினம். எனவே முதலில் மாதிரி ஒன்று, அதில் ஒப்புதல், பாதிப் பணம், பிறகே வேலை. இவ்வொழுங்கிற்கு இசையாதவர் எத்துணைப் பெரிய நிபுணராயினும் நமக்கு வேண்டா.

புதுமடத்து அங்கத்தினரிடம் ஒரு மாதம் பொறுக்குமாறு கேட்டோம். கொத்தனார் வந்துவிடுவார், இடம் காலியாக வேண்டும் என்று தயங்கினார். முடிவில் பதினைந்து நாள் தந்திருக்கிறார். சங்கக் கொட்டகையில் ஒரு புறம் காலியாக உள்ளது. அதை ஒதுக்கித் தர நிர்வாகக் குழு அதற்குள் கூடியாக வேண்டும்.