நூல் அறுந்தது எத்தனை மணிக்கு? சங்கரன்கோவில் தறிக்கூடத்தில் ஒரு மெமரி கார்டு என்ன செய்யும்?

ஆடி மாதம் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சங்கரன்கோவிலில் பெரும்பாலும் காற்று மட்டும்தான் வீசும். ஆடித்தபசு பார்க்க வருபவர்களுக்கு அது வெறும் காற்று. விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு அப்படியல்ல. காற்று காய்ந்தால் பருத்தி நூலும் காயும். காய்ந்த நூல் சீக்கிரம் அறும். நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்ட வேண்டும்.

நெய்த துணியின் அளவுக்கு ஏற்பக் கூலி வாங்குபவருக்கு, தறி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான். "நூலே சரியில்ல" என்பார் ஓட்டுபவர். "போன வாரமும் இதே நூல்தானே ஓடுச்சு?" என்பார் தறி வைத்திருப்பவர். நேற்று மதியம் 2 மணிக்குக் கூடத்தில் ஈரப்பதம் எவ்வளவு, தறி எத்தனை முறை நின்றது என்பதற்கு இருவரிடமும் பதிவு இருக்காது.

அந்தப் பதிவை ஒரு சின்ன கருவியால் எடுக்க முடியும். அதன் பெயர் டேட்டா லாகர். கல்லூரி புராஜெக்ட்டுகளில் பார்த்துப் பழகிய ஆர்டுயினோ போர்டும், பழைய செல்போனில் கிடந்த மெமரி கார்டும் இதற்குப் போதும்.

எப்படி வேலை செய்கிறது?

ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், டிசைன் படிக்கும் மாணவர்களுக்காக உருவான மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரே சிப்புக்குள் அடங்கிய குட்டி கம்ப்யூட்டர். கொடுத்த ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்.

அதோடு நான்கு பொருட்கள் சேர வேண்டும். ஒன்று, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் டிஎச்டி22 போன்ற சென்சார். இரண்டு, தறியின் சுழலும் பாகத்தில் ஒட்டிய சிறு காந்தமும், அது கடந்து போவதை உணரும் ஹால் சென்சாரும். சில விநாடிகளுக்குக் காந்தம் வரவில்லை என்றால் தறி நின்றுவிட்டது என்று அர்த்தம். மூன்று, நேரம் காட்டும் டிஎஸ்3231 கடிகார சிப். நான்கு, மெமரி கார்டு செருகும் மாட்யூல். இவை சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் சாதாரணமாகக் கிடைப்பவை.

கருவி நிமிடத்துக்கு ஒருமுறை கார்டில் உள்ள ஃபைலில் ஒரு வரி எழுதும். உதாரணத்துக்கு: 2025-05-14,14:30,34.2,58,3. அதாவது தேதி, நேரம், வெப்பநிலை, ஈரப்பதம், அந்த நிமிடம் வரை தறி நின்ற எண்ணிக்கை. காற்புள்ளியால் பிரித்த இந்த வகை ஃபைலுக்கு சிஎஸ்வி என்று பெயர். கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டால் எக்செல்லில் அப்படியே திறக்கும்.

போர்டிலேயே சேமிக்க முடியாதா?

ஒரு வரிக்குச் சுமார் 30 எழுத்துகள். ஆர்டுயினோ ஊனோ போர்டில் கரண்ட் போனாலும் அழியாத நினைவகம் வெறும் 1 கேபி. இப்படி எழுத்தாக எழுதினால் அரை மணி நேரத்திலேயே நிரம்பிவிடும். மெமரி கார்டில் கணக்கே வேறு. ஒரு நாளைக்கு 1,440 வரிகள், சுமார் 43 கேபி. ஒரு வருடத்துக்கே 16 எம்பி தாண்டாது. வீட்டில் சும்மா கிடக்கும் 4 ஜிபி கார்டு தாராளம்.

நேரா கிளவுடுக்கு அனுப்பிடலாமே?

அனுப்பலாம். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை தென் மாவட்டங்கள் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. பல இடங்களில் மின்சாரமும் செல்போன் சேவையும் துண்டிக்கப்பட்டன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டனர். நெட்வொர்க்கை மட்டுமே நம்பும் கருவி, பதிவு மிக அவசியமாகும் நேரத்தில் ஊமையாகிவிடலாம். அதனால்தான் மழைமானியோ தறிக்கூடமோ, முதலில் கார்டில் எழுதுவது, சிக்னல் இருந்தால் அனுப்புவது என்ற வரிசை பாதுகாப்பானது.

எங்கே சொதப்பும்?

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மாதம் முழுக்க ஓடிய கருவியிலிருந்து கார்டை எடுத்துப் பார்த்தால், ஃபைல் காலியாக இருக்கும்.

காரணம் இதுதான். எழுதும் வரிகள் உடனே கார்டுக்குப் போவதில்லை. 512 பைட் சேரும் வரை போர்டின் தற்காலிக நினைவகத்தில் காத்திருக்கும். அதன்பிறகு கார்டுக்குப் போனாலும், ஃபைலை மூடினால் அல்லது 'ஃப்ளஷ்' கட்டளை கொடுத்தால்தான் 'இந்த ஃபைலின் நீளம் இவ்வளவு' என்ற தகவல் கார்டின் பட்டியலில் ஏறும். அதற்குள் கரண்ட் போனால், பேரேட்டில் எழுதிவிட்டு முன்பக்க அட்டவணையில் குறிக்காத கதைதான். தகவல் கார்டுக்குள் கிடக்கும், கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாது.

தீர்வு எளிது: ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஃப்ளஷ் செய்ய வேண்டும். நிமிடத்துக்கு ஒரு வரிதான் என்பதால் கார்டுக்கு இது பெரிய சுமை இல்லை.

மற்ற சிக்கல்களும் தெரிந்தவைதான்:

• ஆர்டுயினோவின் எஸ்டி லைப்ரரி ஃபேட்16, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த கார்டுகளை மட்டுமே படிக்கும். 64 ஜிபி கார்டுகள் பொதுவாக எக்ஸ்ஃபேட் முறையில் வரும். அப்படியே செருகினால் வேலைக்கு ஆகாது.

• ஃபைல் பெயர் 8 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, புள்ளிக்குப் பின் 3 எழுத்து. நீளமாகப் பெயர் வைத்தால் ஃபைலே உருவாகாது.

• மெமரி கார்டு 3.3 வோல்ட்டில் இயங்கும், ஊனோ போர்டோ 5 வோல்ட். இடையில் வோல்ட்டேஜை மாற்றும் வசதியுள்ள மாட்யூலைத்தான் வாங்க வேண்டும்.

• கடிகார சிப் இல்லாவிட்டால், கரண்ட் போய் வந்ததும் போர்டு நேரத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். எத்தனை மணிக்கு அறுந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

• பவர் பேங்க் மாட்டினால், போர்டு இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும். முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது நல்லது.

• தறிக்கூடத்துப் பஞ்சு சென்சாரை மூடிவிடும். வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். காந்தம் ஒட்டுவதும் துடைப்பதும் தறியை நிறுத்திய பிறகுதான்.

இதை வைத்து என்ன முடிவுக்கு வரலாம்?

பருத்தி நெசவுக்குப் பொதுவாக 75 முதல் 85 சதவீத ஈரப்பதம் பரிந்துரைக்கப்படுகிறது. வெயில் ஏற ஏற அந்தச் சதவீதம் இறங்கும். ஒரு மாதப் பதிவில் ஈரப்பதம் இறங்கும் மதிய நேரங்களில் மட்டும் தறி அதிகமாக நின்றிருந்தால், தரையில் தண்ணீர் தெளிப்பது, ஈரப்பதக் கருவி வைப்பது போன்றவற்றை யோசிக்கலாம். ஈரப்பதம் நன்றாக இருந்த காலை வேளையிலும் அதே அளவு நின்றிருந்தால், நூலையோ தறியையோதான் பார்க்க வேண்டும். பாவு மாற்றிய தேதிகளையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் ஒப்பிடுவது இன்னும் சுலபம்.

கருவிக்கு எல்லையும் உண்டு. தறி நின்றது என்று அது சொல்லும், ஏன் நின்றது என்று சொல்லாது. டீ குடிக்க நிறுத்தினாலும், தார் மாற்ற நிறுத்தினாலும், கரண்ட் போனாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான். ஓட்டுபவரைக் கண்காணிக்கும் சாதனமாக இதை மாற்றினால் சண்டை கூடத்தான் செய்யும். அதனால் கார்டில் என்ன பதிவாகிறது என்பது ஓட்டுபவருக்கும் தெரிய வேண்டும், ஃபைலின் நகல் அவர் கையிலும் இருக்க வேண்டும்.

கூலி உயர்வுக்கான போராட்டங்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல. அந்தப் பேச்சுவார்த்தையை ஒரு மெமரி கார்டு முடித்துவைக்காது. ஆனால் "மதியம் ரொம்ப அறுக்குது" என்ற பேச்சுக்குப் பதிலாக, 14:30 மணிக்கு ஈரப்பதம் 58, தறி 3 முறை நின்றது என்ற வரியை இரு தரப்பும் மேஜையில் வைத்துப் பேச முடியும்.