வண்டியேறும் தரவுகள்

நுழையும்முன்

விரல் தொட்ட நொடியில் ஓர் ஒளிப்படம் கடல் கடந்து சென்றுவிடுகிறது. ஆயினும், உலகின் மிகப்பெரிய தரவுத் தொகுப்புகள் சில, பெட்டிகளில் அடைக்கப்பட்டு விமானத்திலும் சரக்குந்திலும் பயணம் செய்கின்றன. இணையம் இத்துணை வளர்ந்த பின்னரும் இவ்வழி தேவைப்படுவது ஏன்? அதற்கான எளிய கணக்கையும் அதனால் அறிவியல் பெற்ற பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

மேகத்தின் இருப்பிடம்

‘மேகச் சேமிப்பகம்’ என்னும் பெயர், தரவுகள் வானில் மிதப்பது போன்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. உண்மையில் அது நிலத்தில் நிற்கும் கட்டடமே. அதனுள் கணினிகளும் வன்தட்டுகளும் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பல்லாண்டுகளாகச் சேர்த்த ஆவணங்களையும் படங்களையும் மேகத்திற்கு மாற்ற விரும்பும் நிறுவனம், அவற்றை அக்கட்டடத்திற்குக் கொண்டுசேர்த்தாக வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, ஒளியிழை வழி. மற்றொன்று, சாலை வழி.

கணக்கு காட்டும் உண்மை

இணைய இணைப்பின் வேகம் பிட் என்னும் அலகிலும், கோப்பின் அளவு பைட் என்னும் அலகிலும் கூறப்படுகின்றன. 8 பிட்டுகள் சேர்ந்தது 1 பைட். எனவே, நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு, நொடிக்கு 12.5 மெகாபைட் தரவையே அனுப்பும். அவ்விணைப்பில் 100 டெராபைட் தரவை அனுப்ப 80 இலட்சம் நொடிகள், அதாவது ஏறத்தாழ 93 நாள்கள் ஆகும். அதுவும், இணைப்பு ஒருகணமும் அறுபடாமலும் வேறு பணிக்குப் பயன்படாமலும் இருந்தால் மட்டுமே இயலும்.

அதே தரவு, 10 டெராபைட் கொள்ளளவுடைய பத்து வன்தட்டுகளில் அடங்கும். நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில், பத்திலும் ஒரே நேரத்தில் படியெடுத்தால் 14 மணிநேரம் ஆகும். சென்றடைந்த இடத்தில் இறக்குவதற்கும் அவ்வளவு நேரமே தேவை. இடையே பயணத்திற்கு 2 நாள்கள் எனக் கொண்டாலும், பணி 4 நாள்களுக்குள் முடிந்துவிடும்.

இங்கு விரைவு என்பது இருபொருள் கொண்டது. முதல் எழுத்து சென்றடையும் நேரம் வேறு. மொத்தச் சுமையும் சென்றுசேரும் நேரம் வேறு. முன்னதில் ஒளியிழையை எவ்வண்டியாலும் வெல்ல இயலாது. சுமை பெருகப் பெருக, பின்னதில் வண்டி முந்துகிறது.

தெரியுமா?

2009ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில், வின்ஸ்டன் என்னும் புறாவின் காலில் 4 ஜிகாபைட் நினைவக அட்டை கட்டப்பட்டது. ஏறத்தாழ 80 கிலோமீட்டரை அது 1 மணி 8 நிமிடங்களில் கடந்தது. அட்டையிலிருந்து கணினிக்கு மாற்றும் நேரத்தையும் சேர்த்து, சற்றே 2 மணிநேரத்திற்கு மேல் ஆனது. அதற்குள் இணைய இணைப்பின் வழியே சென்றிருந்தது அத்தரவில் 4 விழுக்காடு மட்டுமே.

பயணத்திற்கான பெட்டி

இத்தேவையை உணர்ந்த அமேசான் நிறுவனத்தின் மேகச் சேவைப் பிரிவு, 2015ஆம் ஆண்டு ‘ஸ்னோபால்’ என்னும் பெட்டியை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 50 டெராபைட். அதிர்வைத் தாங்கும் உறுதியான அப்பெட்டி வாடிக்கையாளரின் இடத்திற்கே அனுப்பப்படும். அவர் தரவுகளை ஏற்றித் திருப்பி அனுப்புவார். பெட்டியின் மேலுள்ள மின்மைத் திரையே முகவரிச் சீட்டாகப் பயன்படும்.

வழியில் பெட்டி களவுபோனால் என்ன ஆகும்? தரவுகள் யாவும் மறைகுறிகளாக மாற்றப்பட்டே அதில் பதிவாகின்றன. அவற்றைத் திறக்கும் மின்னணுத் திறவுகோல் பெட்டியினுள் வைக்கப்படுவதில்லை. ஆகவே, பெட்டியைக் கைப்பற்றியவர் அதிலுள்ளவற்றைப் படிக்க இயலாது. தரவுகள் இறக்கப்பட்டதும், பெட்டியின் உள்ளடக்கம் முற்றிலும் அழிக்கப்படுகிறது.

2016ஆம் ஆண்டு அந்நிறுவனம் ‘ஸ்னோமொபைல்’ என்னும் சேவையை அறிவித்தது. 45 அடி நீளமுள்ள சரக்குப் பெட்டகத்தைச் சரக்குந்து இழுத்துச் செல்லும். அதன் கொள்ளளவு 100 பெட்டாபைட். நொடிக்கு 10 ஜிகாபிட் வேகமுள்ள இணைப்பிலும் இவ்வளவு தரவை அனுப்ப இரண்டரை ஆண்டுகள் ஆகும்.

துருவத்தில் காத்திருந்த வன்தட்டுகள்

மேகச் சேவைக்கு அப்பால், வானியலிலும் இவ்வழியே கைகொடுத்தது. 2017ஆம் ஆண்டு ஏப்ரலில், ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, சிலி, ஸ்பெயின், தென்துருவம் ஆகிய இடங்களிலுள்ள எட்டுத் தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் கருந்துளைகளை நோக்கின. ‘நிகழ்வெல்லைத் தொலைநோக்கி’ எனப்படும் இத்திட்டத்தில், தொலைநோக்கிகளின் பதிவுகளை அணுக் கடிகார நேரத்தின்படி ஒன்றோடொன்று பொருத்தினால்தான் படம் கிடைக்கும்.

சேர்ந்த தரவோ ஏறத்தாழ 5 பெட்டாபைட். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் இதனை அனுப்ப 12 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே, வன்தட்டுகள் விமானத்தில் அமெரிக்காவின் ஹேஸ்டாக் ஆய்வகத்திற்கும் ஜெர்மனியின் பான் நகருக்கும் அனுப்பப்பட்டன. உயர்ந்த மலைகளில் காற்று மெலிந்திருப்பதால் சாதாரண வன்தட்டுகள் பழுதடையக்கூடும். அதனால் ஹீலியம் நிரப்பி மூடப்பட்ட வன்தட்டுகள் பயன்படுத்தப்பட்டன.

தென்துருவத்தின் வன்தட்டுகள் மட்டும் வந்துசேரவில்லை. குளிர்காலம் முழுவதும் அங்கிருந்து சரக்கு விமானங்கள் புறப்படுவதில்லை. ஆய்வாளர்கள் அவ்வாண்டு டிசம்பர் வரை காத்திருந்தனர். அவ்வன்தட்டுகள் வழியில் சிதைந்திருந்தால், அந்த இரவுகளை மீண்டும் பதிவுசெய்ய எவராலும் இயலாது. அவை பழுதின்றி வந்தன. 2019 ஏப்ரல் 10 அன்று கருந்துளையின் முதல் படம் உலகிற்கு வெளியிடப்பட்டது. நம் பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் 2022ஆம் ஆண்டு வெளிவந்தபோது, தென்துருவப் பதிவுகளும் அதில் இடம்பெற்றன.

தேர்ந்து கொள்ளுதல்

இவ்வழி எல்லாத் தேவைக்கும் ஏற்றதன்று. நாள்தோறும் மாறும் தரவுகளையும் சிறு கோப்புகளையும் அனுப்ப இணையமே சிறந்தது. ஒளியிழையின் திறனும் ஆண்டுதோறும் வளர்கிறது. ஸ்னோமொபைல் சேவையும் 2024ஆம் ஆண்டளவில் நிறுத்தப்பட்டுவிட்டது. எனினும், சேரும் தரவின் அளவும் வளர்ந்துகொண்டே உள்ளது. தரவின் அளவு, இணைப்பின் வேகம், படியெடுக்கும் நேரம், பயண நாள்கள் ஆகிய நான்கையும் கணக்கிட்ட பின்னரே வழியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். புதியது என்பதனால் ஒரு வழி விரைவானதாகிவிடாது. பழையது என்பதனால் மற்றொன்று பயனற்றதாகிவிடவும் இல்லை.