ஆளில்லா ஹெலிகாப்டரைத் திருப்பக் கற்றல்

ஜப்பானில் 1987-ஆம் ஆண்டு யமஹா நிறுவனம் ஆர்-50 என்னும் ஆளில்லா ஹெலிகாப்டரை நெல்வயல்களில் மருந்து தெளிப்பதற்கென அறிமுகம் செய்தது. வரப்பில் நிற்பவர் தம் கையிலுள்ள விசைப்பெட்டியால், வானொலி அலைகளின் வழியே அதனை இயக்கினார். நம் நாட்டில் 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2023 நவம்பரில், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வேளாண் ட்ரோன்கள் வழங்க ரூ.1,261 கோடியில் மத்திய அரசு ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதில் பயிற்சிக்கு 15 நாட்கள் வகுக்கப்பட்டன. பொறிக்கு ஆகும் செலவைக் கணக்கிடுதல் எளிது. அதனை இயக்கும் கை பழகுவதற்கு ஆகும் காலத்தைக் கணக்கிடுவதே அரிது. அப்பழக்கத்தின் உரைகல் திருப்பமாகும்.

திருப்பம் ஏன் கடினம்?

மேலே சுழலும் பெரிய இறக்கை ஹெலிகாப்டரைத் தூக்குகிறது. அச்சுழற்சியால் உடற்பகுதி எதிர்த்திசையில் சுழன்றுவிடாமல் வாலிலுள்ள சிறிய இறக்கை காக்கிறது. வாலை மட்டும் திருப்பினால் மூக்கு திரும்புமேயன்றிப் பாதை மாறாது. பொறி பழைய திசையிலேயே சறுக்கிச் செல்லும். பக்கவாட்டில் மட்டும் சாய்த்தால் அது நழுவி உயரம் இழக்கும். எனவே சாய்த்தல், மூக்கைத் திருப்புதல், உயரத்தைக் காத்தல் ஆகிய மூன்றும் ஒருசேர நிகழவேண்டும். உயரம் குறையாமல் திரும்புவதற்கு 30 பாகைச் சாய்வில் ஏறத்தாழ 15 விழுக்காடும், 45 பாகையில் 41 விழுக்காடும் கூடுதல் தூக்குவிசை தேவை.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பொறி நம்மைவிட்டு அகலும்போது அதன் வலமும் நம் வலமும் ஒன்றே. திரும்பி நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நமக்கு இடமாகிவிடும். இதனைச் சிந்தித்துத் தெளிவதற்குள் பொறி தரையில் வீழ்ந்துவிடும். எதிரே வரும் பொறி எப்பக்கம் சரிகிறதோ, அப்பக்கமே விசைக்கோலைத் தள்ளினால் அது நிமிரும் என்பது பயில்வோர் கைக்கொள்ளும் எளிய விதி. ஆயினும் அவ்விதியை மூளை அறிந்தால் போதாது, விரல்கள் அறியவேண்டும்.

பாவனைப் பயிற்சி

இங்குதான் சிமுலேட்டர் எனப்படும் பாவனைப் பயிற்சி முறை உதவுகிறது. உண்மையான விசைப்பெட்டியையே கணிப்பொறியுடன் இணைத்து, திரையிலுள்ள ஹெலிகாப்டரை இயக்கலாம். அது நூறு முறை வீழ்ந்தாலும் இழப்பில்லை. இக்கட்டுரையாளரும் ஒருமுறை முயன்று பார்த்ததுண்டு. முதல் அரைமணி நேரத்தில் பொறி எதிரே திரும்பிய ஒவ்வொரு தடவையும் வீழ்ந்தது. வயலில் அவ்வாறு நேர்ந்திருப்பின் முதல் வீழ்ச்சியோடு பயிற்சியே முடிந்திருக்கும்.

பயிற்சிக்கு ஒழுங்குமுறை இன்றியமையாதது. முதலில் வால் நம்மை நோக்கியிருக்க, பொறியை ஓரிடத்தில் அசையாது நிறுத்தவேண்டும். அடுத்து 45 பாகை திருப்பியும், பக்கவாட்டிலும், இறுதியாக மூக்கு நம்மை நோக்கியும் நிறுத்திப் பழகவேண்டும். அதன் பின்னரே சிறு சாய்வில் மெதுவான திருப்பங்கள். பெரும்பாலோர்க்கு ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் அரிதாகவும் இருக்கும். 8 என்னும் எண் வடிவில் பறக்கவிட்டால் இருபுறமும் சமமாகத் தேறும். வாரம் ஒருமுறை நெடுநேரம் பயில்வதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் பயில்வதே நன்று.

பல இறக்கைகள் கொண்ட ட்ரோன் தன் சமநிலையைத் தானே பேணும் என்பது உண்மை. எனினும் செயற்கைக்கோள் வழிகாட்டல் தடைப்படும் வேளையில், காற்றில் நகரும் அதனை மீட்பது பழகிய கையே.

காற்றும் மலையும்

பாவனைப் பயிற்சிக்கு எல்லையும் உண்டு. காற்றின் வேகத்தைத் திரையில் கூட்டிக் குறைக்கலாம். நிலத்தின் இயல்பை முழுமையாகக் காட்டவியலாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடைப்பட்ட பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்றது. பனிக்காலத்தில் கீழைக்காற்று அதன் வழியே விரைந்து வீசும். சித்தூர், கொல்லங்கோடு வயல்களில் காற்றின் திசையில் திரும்பும் பொறி எதிர்பார்த்ததைவிடத் தொலைவாக அடித்துச் செல்லப்படும்.

இடுக்கியின் நிலை வேறு. மூணாறு போன்று 1,500 மீட்டர் உயரமுள்ள இடங்களில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. திருப்பத்திற்குக் கூடுதல் தூக்குவிசை தேவைப்படும் இடத்தில், அதனை அளிக்கும் காற்றோ மெலிந்துள்ளது. சரிவில் நிலமும் விரைந்து உயர்ந்து பொறியை எதிர்கொள்ளும். ஆகவே சமவெளியில் தேறியவரும் மலையில் சிறு சாய்விலிருந்தே தொடங்கவேண்டும்.

செய்யத்தக்கவை

இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரத்தில், தேசிய மாணவர் படைக்கென 650 மீட்டர் ஓடுபாதை அமைக்கப்பட்டு, 2022 டிசம்பரில் முதல் சிறுவிமானம் இறங்கியது. அப்படையின் விமானப் பிரிவுப் பயிற்சியில் மாதிரி விமானக் கலையும் ஓர் அங்கம். எல்லைப்புறப் பள்ளிகளின் கணிப்பொறிகளில் பாவனைப் பயிற்சியைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவாகாது. தமிழ்வழி பயிலும் மாணவர்க்கு அதனைத் தமிழிலேயே விளக்குதல் வேண்டும். திறந்தவெளியில் பறக்கவிடுமுன் வான்பகுதி விதிகளை அறிதலும், சுழலும் இறக்கைக்கு எட்டாத் தொலைவில் பிறரை நிறுத்துதலும் கட்டாயம்.

நாட்களை எண்ணிச் சான்றிதழ் வழங்குவதினும், எதிரே வரும் பொறியைத் தயங்காது இருபுறமும் திருப்பத் தெரிகிறதா என்று பார்த்து வழங்குவதே முறை. பயிற்சியில் மிச்சம்பிடிக்கும் பணம் உடைந்த பொறிகளாகவும், சிலவேளை காயமுற்ற மனிதர்களாகவும் திரும்பி வரும். தவறுகளைத் திரையிலேயே செய்து முடிப்பது சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.